ஒன்பது கடிதங்களில் ஒன்று

எடெல்மிரா திபாகிரா கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வரப்போவதைப் படித்துவிட்டு நீங்கள் வேறு மாதிரி நினைத்தால் அது உங்கள் இஷ்டம். அவளே தன்னைப் பற்றி வேறு மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்தாள், மூன்று வருடமாக, ஒரு நாள் விடாமல்.

பொகோதாவுக்குப் பக்கத்தில், ஃபாகாததிவா என்ற ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ரோஜாப் பண்ணையில் அவள் பத்தொன்பது வருடம் பூ வெட்டினாள். ஆறு மணிக்குப் பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸுக்குள் நுழைய வேண்டும். ஆளுக்கு இத்தனை பாத்தி என்று கணக்கு. உன் பாத்தியில் மொட்டு வெட்டும் முன்னே விரிந்துவிட்டால் உன் குற்றம். இலையில் சாம்பல் நோய் வந்தால் உன் குற்றம். வெயில் கூடினால்கூட ஏறக்குறைய உன் குற்றம்தான். புருஷன், யானோஸ் சமவெளிப் பக்கம் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகிறேன் என்று ஒரு பையோடு கிளம்பினான். கிணறு ரொம்ப ஆழம் போலிருக்கிறது, ஆள் இன்னும் மேலே வரவில்லை. மகள் மாரிசோலை அவள் தனியாகத்தான் வளர்த்தாள்.

தனியாக என்று சொன்னால் ஓதிலியாவுக்குக் கோபம் வரும். ஓதிலியா கெகான்தான் மாரிசோலுக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத்தின்போது கோயிலில் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவள். அப்படி நின்றுவிட்டால் பெற்றவளும் ஏந்தியவளும் அன்று முதல் ஒருவருக்கொருவர் ‘கோமாத்ரே’. கூடப் பிறந்தவள்கூட அடுத்த இடத்தில்தான். இருவரும் ஒரே வாரத்தில் பண்ணையில் சேர்ந்தவர்கள். எடெல்மிராவுக்குக் காய்ச்சல் வந்தால் மாரிசோலுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியது ஓதிலியாவின் கைதான். குரலும் அவளுக்குப் பெரிது. மூன்று பாலிஹவுஸ் தள்ளி நின்று கூப்பிட்டாலும் காது வலிக்கும்.

அவர்கள் சேர்ந்தபோது ஆளுக்கு முப்பத்தெட்டுப் பாத்தி. ஒரு வருடம், சீசனுக்கு மட்டும் என்று சொல்லி முதலாளி தோன் எர்னான் அதை ஐம்பத்திரண்டாக்கினார். சீசன் என்பது பிப்ரவரி பதினாலாம் தேதி அமெரிக்கக் காதலர்களுக்காக. காதலர்கள் பூவை வாங்கி, கொடுத்து, கல்யாணம் கட்டி, பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். ஐம்பத்திரண்டு மட்டும் குறையவில்லை. அப்போதுதான் ஓதிலியாவின் சமையலறையில் முப்பது பெண்கள் உருளைக்கிழங்கு சூப் குடித்துக்கொண்டே சங்கம் ஆரம்பித்தார்கள். இரண்டு வருடம் மனு, கூட்டம், மறுபடியும் மனு. கடைசியில் ஒரு வருடம் பிப்ரவரி ஆறாம் தேதி, பொகோதா விமான நிலையத்தில் விமானம் காத்திருக்கும் நேரம் பார்த்து, நான்கே நான்கு மணி நேரம் கத்தரியைக் கீழே வைத்தார்கள். அந்த நான்கு மணி நேரம், இரண்டு வருட மனுக்கள் செய்யாததைச் செய்தது.

பாத்தி நாற்பத்துநாலாக இறங்கியது. சீசனில் கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி என்று எழுத்தில் வந்தது. ஜனவரியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு ஒரு தொகை. கிழியாத கையுறை. தோன் எர்னான் ஒழிந்தேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் ஒழியவில்லை. மூன்றே மாதத்தில் வேலையை விட்டு ஓடும் பெண்கள் ஓடுவதை நிறுத்தினார்கள். பழகிய கை வெட்டினால் தண்டு நீளமாக, நேராக இருக்கும். மியாமியிலிருந்து திருப்பி அனுப்பும் பெட்டிகள் குறைந்தன. லாபம் கொஞ்சம் மெலிந்தது, கூலி கொஞ்சம் சதை பிடித்தது, பண்ணை நடந்தது.

இன்னொரு கூத்தும் நடந்தது. சாலைக்கு எதிர்ப்புறம் பாலத்தடியில் வேறொரு பண்ணை உண்டு. அங்கே சங்கம் கிடையாது. ஆனால் இங்கே எது வந்தாலும் ஒரே மாதத்தில் அங்கேயும் வந்துவிடும். தன் பண்ணையிலும் எவளாவது சூப் வைத்து ஆள் கூட்டிவிடுவாளோ என்று அந்த முதலாளிக்குப் பயம். பள்ளிக்கூடத் தொகையை அவர் தானே மனம் இரங்கிக் கொடுப்பது போலக் கொடுத்தார். மாரிசோல் வளர்ந்து வேலைக்குச் சேர்ந்தது அந்தப் பாலத்தடிப் பண்ணையில்தான்.

“உங்க சங்கம் எங்களுக்குச் சம்பளமில்லாம உழைக்குது ஞானத்தாயே,” என்பாள் அவள் ஓதிலியாவிடம். “சந்தா நீங்க கட்டறீங்க, பணம் எங்க கைக்கு வருது.”

“வாங்கிக்கோ, வாங்கிக்கோ,” என்பாள் ஓதிலியா. “என் பேர்ல ஒரு மெழுகுவத்தி ஏத்திடு, போதும்.”

பிறகு டாலர் விழுந்தது. பூ விற்பது டாலரில், கூலி கொடுப்பது பெசோவில். முன்பு ஒரு டாலருக்குக் கிடைத்த பெசோவில் நாலில் ஒரு பங்கு காணாமல் போனது. இதில் பொய் ஒன்றும் இல்லை. தோன் எர்னான் தன் குதிரைகளை விற்றார், பக்கத்து ஊர்களில் இரண்டு பண்ணைகளை மூடியே விட்டார்கள். அந்த வருடம்தான் பணியாளர் அலுவலகத்துக்கு ஹிமேனா என்ற பெண் வந்தாள். படித்தவள் என்பதால் எல்லோருக்கும் டாக்டர். எங்கள் பக்கம் மேசையும் பட்டமும் இருந்தால் டாக்டர்தான், ஒரு சளிக்குக்கூட மருந்து தெரிய வேண்டியதில்லை.

எங்கள் சட்டம் இப்படி: வேலை செய்கிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சங்கத்தில் இருந்தால், சங்கம் பேசி முடித்தது அத்தனை பேருக்கும் பொருந்தும், முதலாளி வேறு ஒப்பந்தத்தை நீட்ட முடியாது. அதற்குக் குறைந்தால், சங்கத்தில் இல்லாதவர்களோடு கம்பெனி தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். கம்பெனி ஒப்பந்தம் என்று அதைச் சொல்வோம். முந்நூற்று நாற்பத்தொரு பேர் இருந்த பண்ணையில் சங்கத்தில் இருந்தவர்கள் நூற்று இருபத்திரண்டு. மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. தலைக்கு மேல் தண்ணீர் இல்லை, ஆனால் கழுத்து வரை இருந்தது.

அக்டோபரில் ஒரு நாள் ஹிமேனா எடெல்மிராவைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

“உட்காருங்க தோன்யா எடெல்மிரா. கை எப்படி இருக்கு?”

தோன்யா என்பது மரியாதைக்குச் சொல்வது. பண்ணையில் யாரும் அவளிடம் கையைப் பற்றிக் கேட்டதில்லை. பத்தொன்பது வருடம் கத்தரி பிடித்து வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. பொத்தான் போட முடியாமல் மகளைக் கூப்பிடும் நிலை. சோறு தின்னும்போது கரண்டி நழுவும்.

“அப்படியேதான் இருக்கு டாக்டர்.”

“லேபிள் ஒட்டற பக்கம் ஒரு இடம் காலியாகுது. உட்கார்ந்து செய்யற வேலை. எனக்கு முதல்ல உங்க ஞாபகம்தான் வந்துச்சு.”

எடெல்மிரா வீங்கிய கையை மடியில் இறக்கிக்கொண்டாள். பேசினால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள்.

“சங்கத்துல இருக்கறவங்களை மாத்தணும்னா அதுக்கொரு கமிட்டி, மனு, கூட்டம். ஆறு மாசம் இழுக்கும். சங்கத்துல இல்லாதவங்கன்னா என் கையெழுத்து ஒன்னு போதும்,” என்று சொல்லி அச்சடித்த ஒரு தாளை ஹிமேனா முன்னால் தள்ளினாள். சங்கத்திலிருந்து விலகுகிறேன், கம்பெனி ஒப்பந்தத்தில் சேரச் சம்மதம் என்று நாலு வரி.

“ஓதிலியாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“தாராளமா கேளுங்க. கேட்டா அவங்க உங்களை விடுவாங்களா? இது உங்க கை தோன்யா. வலிக்கறது உங்களுக்கு.”

“நான் ஒருத்தி போறதால சங்கத்துக்கு ஏதாவது...”

“நூத்துக்கு மேல இருக்காங்க. ஒருத்தர் போனா யாருக்கு என்ன ஆகப்போகுது? உங்க ஒருத்தருக்காகத்தான் இதைச் செய்யறேன். வெளியே மூச்சு விட்டுடாதீங்க, அப்புறம் எல்லாரும் வரிசையில வந்து நிப்பாங்க.”

எடெல்மிரா கையெழுத்துப் போட்டாள். தேதி எழுத வேண்டிய இடம் காலியாக இருந்ததைப் பார்த்தாள். கேட்கவும் செய்தாள்.

“அதை அப்புறம் போட்டுக்கலாம். பிப்ரவரி சீசன் முடியட்டும். அதுக்குள்ள மனசு மாறினா வாங்க, கிழிச்சுப் போட்டுடலாம்.”

இது அவளுக்குத் தப்பாகவே படவில்லை. எங்கள் பண்ணைகளில் எல்லாத் தாளும் அப்படித்தான். கையுறை வாங்கினால் தேதியில்லாத கையெழுத்து, லீவு போட்டால் தேதியில்லாத கையெழுத்து. சூப்பர்வைசர் சாயங்காலம் உட்கார்ந்து வரிசையாகத் தேதி போட்டு நிரப்புவார். தேதி என்பது மேலே இருப்பவர்கள் எழுதிக்கொள்வது என்றுதான் பெண்கள் எல்லோரும் பழகியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தில்தான் அவள் விழுந்தாள். பிப்ரவரி வரை நேரம் இருக்கிறது, அதற்குள் ஓதிலியாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மூன்று வாரத்தில் தொழிலாளர் அமைச்சகத்தின் அதிகாரி ஆள் எண்ண வந்து நின்றார். கம்பெனிதான் மனுப் போட்டு வரவழைத்திருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்தார்கள். ஓதிலியா கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து, எடெல்மிராவின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதிகாரி ஒல்லியான மனிதர், சளி பிடித்திருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டே படித்தார். மொத்தம் முந்நூற்று நாற்பத்தொன்று. மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட நூற்றுப் பதினாலு பேர் வேண்டும். சங்கப் பட்டியலில் நூற்று இருபத்திரண்டு. பெண்கள் கை தட்டினார்கள். எடெல்மிராவும் தட்டினாள், வீங்கிய கையால்.

கம்பெனி வக்கீல் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து அதிகாரியிடம் கொடுத்தார்.

“விலகல் கடிதம். ஒன்பது இருக்கு.”

எடெல்மிராவுக்கு ஒன்பது என்ற சொல் முதலில் புரியவில்லை. எனக்கு மட்டும்தானே என்று நினைத்தாள். அந்தக் கூடத்தில் அந்த நிமிஷம் ஒன்பது பெண்கள் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொன்று. ஒருத்திக்கு மகனுக்கு வேலை, ஒருத்திக்கு முதுகுவலிக்கு நல்ல டாக்டர், நிஜ டாக்டர். ஒவ்வொருத்தியிடமும், உங்க ஒருத்தருக்காகத்தான். ஒன்பது தாளிலும் முந்தின வாரத்துத் தேதி, ஒரே பேனா, ஒரே கை.

அதிகாரி இரண்டு முறை எண்ணினார். “நூற்றுப் பதிமூன்று,” என்றார். “ஒன்று குறைகிறது.”

“யார் யார்னு படிங்க,” என்றாள் ஓதிலியா எழுந்து.

“பேரைப் படிச்சா அவங்களுக்குத் தொந்தரவு வரும்,” என்றார் வக்கீல். “அதிகாரி பார்த்தாப் போதும்.”

“அது சரிதான் அம்மா,” என்று அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். “யாராவது கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கறதா இருந்தா இப்பவே சொல்லலாம். இல்லேன்னா முடிச்சுடறேன்.”

ஒன்று. ஒரே ஒருத்தி எழுந்து, அதில் ஒன்று என்னுடையது, நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னால் போதும். நூற்றுப் பதினாலு ஆகிவிடும். முந்நூற்று நாற்பத்தொரு பேரின் பாத்தியும் கூலியும் தப்பித்துவிடும். சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுடையதும்தான். எடெல்மிராவுக்கு அது தெரிந்தது. அவ்வளவு தெளிவாக அவளுக்கு வாழ்க்கையில் வேறெதுவுமே தெரிந்ததில்லை. ஆனால் எழுந்தால் ஓதிலியா திரும்பி அவள் முகத்தைப் பார்ப்பாள். பக்கத்தில்தான் இருக்கிறாள், கோட்டு உரசுகிறது. எடெல்மிரா தன் ரப்பர் காலணியில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்ற எட்டுப் பேரும் அவரவர் காலணியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அதிகாரி பேனாவை மூடினார்.

வெளியே வரும்போது ஓதிலியா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களாவது கூட இருக்கீங்களே கோமாத்ரே,” என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எடெல்மிராவுக்கு. ஆனால் அந்த நாக்கு அன்றும் அசையவில்லை, மறுநாளும் அசையவில்லை.

ஜனவரியில் கம்பெனி ஒப்பந்தம் வந்தது. சேர்ந்த உடனே ஒரு போனஸ், பள்ளிக்கூடத் தொகை அப்படியே, பிறந்தநாளுக்கு ஒரு கேக். சந்தா கிடையாது. ஒரே மாதத்தில் அறுபது பேர் சங்கத்தை விட்டு வந்து சேர்ந்தார்கள். யார் முதல் ஒன்பது, யார் பின்னால் வந்த அறுபது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. எடெல்மிராவும் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக வந்தவள் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். “உங்க கை கிடக்கற கிடப்புல வேற என்ன பண்ணுவீங்க, போங்க கோமாத்ரே,” என்று ஓதிலியாவே சொன்னாள். எடெல்மிராவுக்கு நாற்காலி கிடைத்தது. மற்றவர்கள் நின்றுகொண்டு கட்டுக் கட்ட, அவள் உட்கார்ந்து லேபிள் ஒட்டினாள். கை கொஞ்சம் தேவலையானது. அந்த நாற்காலியில் அவள் ஒரு நாளும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை.

ஆனால் பழி போட முதல் ஒன்பதில் யாராவது ஒருத்தி ஊருக்கு வேண்டியிருந்தது. லூஸ் தாரி கிடைத்தாள். இருபத்தாறு வயதுப் பெண், ஆள் எண்ணிய நாள் வரை சங்கத்தை விடாமல் இருந்தவள். போதாத காலம், அந்த ஜனவரியில்தான் அவளுக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. அது போதாதா? அவள் வந்து உட்கார்ந்தால் மேசை காலியானது. அவள் பாத்திப் பக்கம் போனால் பேச்சு நின்றது. ஒரு நாள் மதியம் அவள் தன் டிபன் டப்பாவோடு எடெல்மிராவின் எதிரே வந்து உட்கார்ந்தாள். கூடம் முழுக்கப் பார்த்தது. எடெல்மிரா தன் டப்பாவை மூடினாள்.

“நீங்களுமா தோன்யா?” என்றாள் லூஸ் தாரி.

“இல்லம்மா, மகளுக்கு ஃபோன் பண்ணணும்,” என்று முணுமுணுத்துவிட்டு எடெல்மிரா எழுந்து வேறு மேசைக்குப் போனாள். ஃபோன் அவள் பையில்கூட இல்லை. கையெழுத்துப் போட்டதைவிட இதுதான் அவளைப் பிற்பாடு அரித்தது. கையெழுத்தை ஏமாந்து போட்டாள் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இது தெரிந்தே செய்தது. லூஸ் தாரி ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தாள். பிறகு பொகோதாவுக்குப் போய்விட்டாள்.

சங்கத்தில் ஆள் இருபத்தைந்துக்குக் கீழே போனதும் சட்டப்படி சங்கமே கலைந்தது. சங்கத் தலைவி என்ற சட்டப் பாதுகாப்பும் கூடவே போனது. ஓதிலியாவுக்குச் சேரவேண்டியதைக் கொடுத்து அவளை அந்த மாதமே வெளியே அனுப்பினார்கள்.

அடுத்த வருடக் கடைசியில் கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. தொழிலாளர் சார்பில் மூன்று பேர் மேசையில் உட்கார வேண்டும் என்று விதி. எல்லோருக்கும் நம்பிக்கையான முகம் என்று சொல்லி ஹிமேனா எடெல்மிராவின் பெயரையும் எழுதினாள். எடெல்மிரா மறுத்துப் பார்த்தாள், நடக்கவில்லை.

ஹிமேனா தாளைப் படித்தாள். குறைந்தபட்சக் கூலிக்கு மேல் உயர்வு இல்லை. பள்ளிக்கூடத் தொகை நிறுத்தம். பாத்தி அறுபது.

“முன்னாடி குடுத்துட்டிருந்தீங்களே டாக்டர்,” என்றாள் எடெல்மிரா.

“முன்னாடி இந்த நாற்காலியில ஓதிலியா உட்கார்ந்திருந்தாங்க.” ஹிமேனா இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. களைத்துப்போயிருந்தாள். “ஒளிக்காம சொல்லிடறேன் தோன்யா. சங்க ஒப்பந்தத்தால சம்பளச் செலவு நூத்துக்குப் பதினொன்னு ஏறிச்சு. அதுலேர்ந்து உங்களை இழுக்கத்தான் இந்த ஒப்பந்தத்துல ஏழு குடுத்தோம். இப்ப சங்கமே இல்ல. அப்புறம் ஏழு எதுக்குன்னு முதலாளி கேக்கறார். நான் என்ன பதில் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க, போய்ச் சொல்றேன்.”

கத்தரியைக் கீழே வைப்போம் என்று சொல்ல ஓதிலியாவுக்குப் பின்னால் நூறு பேர் இருந்தார்கள். எடெல்மிராவுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. போனஸும் கேக்கும் கம்பெனியின் அன்பு என்று எல்லோரும் நினைத்திருந்தார்களே, அதுவும் சங்கம் வாங்கிக்கொடுத்ததுதான் என்று அன்று அவளுக்கு உறைத்தது. சங்கம் உயிரோடு இருக்கும் வரைக்கும்தான் சங்கத்தை விட்டு வருகிறவளுக்கு விலை. கூனிக் குறுகி மறுபடியும் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை தேதியையும் அவளே எழுதினாள், யாருக்கு என்ன பிரயோஜனம்.

பண்ணையும் இதனால் ஒன்றும் கொழிக்கவில்லை. அறுபது பாத்தி பார்க்கும் கை அவசரத்தில் தண்டைக் குட்டையாக வெட்டுகிறது. புதுப் பெண்கள் வருகிறார்கள், ஓடுகிறார்கள், பழக்குவதற்கே சீசன் முடிந்துவிடுகிறது. மியாமியிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. இரண்டு வருடத்தில் ஹிமேனாவையே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுக்காகப் பேச யாரும் வரவில்லை.

ஓதிலியா இரண்டு பண்ணைக்கும் பொதுவான பஸ் நிறுத்தத்தில் காப்பியும் சோள ரொட்டியும் விற்க ஆரம்பித்திருந்தாள். எடெல்மிரா, கால் வலிக்கு நடந்தால் நல்லது என்று மாரிசோலிடம் சொல்லிவிட்டு, தினமும் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வாய்க்கால் வழியாகச் சேற்றில் நடந்து பின் வாசலில் நுழைந்தாள். கால் வலிக்குச் சேறு நல்லது என்று யார் சொன்னார்கள் என்று மாரிசோல் கேலி செய்வாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் அவள் கடைசி வரிசைதான். ஓதிலியா வீட்டுக்கு வந்தால் எடெல்மிராவுக்குத் தலைவலி. இப்படியே மூன்று வருடம்.

பாலத்தடிப் பண்ணை முதலாளி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். சாலைக்கு இந்தப் பக்கம் சத்தமே இல்லை என்று உறுதியானதும் அவரும் பள்ளிக்கூடத் தொகையை நிறுத்தினார். மாரிசோலுக்கும் அறுபது பாத்தி. அன்று சாயங்காலம் அவள் வந்து மேசையில் கையை ஊன்றி உட்கார்ந்தாள். அவளுக்கும் இப்போது ஒரு பெண் குழந்தை, ஜனவரியில் பள்ளிக்கூடம்.

“எல்லாம் அந்த லூஸ் தாரியால,” என்றாள். “அவ மட்டும் அன்னைக்குக் கையெழுத்துப் போடாம இருந்திருந்தா ஒன்னு குறைஞ்சிருக்காது. எங்க இருக்காளோ, நல்லா இருப்பாளா அவ? என் குழந்தை வயித்துல அடிச்சவ.”

எடெல்மிரா கரண்டியால் சூப்பை மொண்டு மகளின் கிண்ணத்தில் ஊற்றினாள். “ஆறிடப்போகுது, குடி,” என்றாள். மகள் குடித்தாள். லூஸ் தாரியைச் சபித்துக்கொண்டே குடித்தாள், அம்மா எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எடெல்மிரா மகளுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தாள். முன் நிறுத்தத்தில் இறங்கவில்லை.

ஓதிலியா ஃபிளாஸ்க்குகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கோப்பையை எடுத்தாள்.

“வழி தெரிஞ்சுதா கோமாத்ரே? காப்பி தரட்டுமா?”

“ஒன்னு சொல்லணும்.”

“சொல்லுங்க. சொல்லிட்டே குடிங்க.”

“அந்த ஒன்பதுல ஒன்னு என்னோடது. லூஸ் தாரி இல்ல. நான்.”

ஓதிலியா ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். மூடியைத் தேடி எடுத்து, மெதுவாகத் திருகி மூடினாள்.

“எதுக்கு?”

“கை வலிச்சுது. உட்கார்ந்து செய்யற வேலை தரேன்னாங்க.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே. நான் சண்டை போட்டு வாங்கிக் குடுத்திருக்க மாட்டேனா?”

“கேட்டா நீங்க விடமாட்டீங்கன்னு சொன்னாங்க.”

“நீங்க நம்பினீங்க.”

“நம்பினேன்.”

ஓதிலியாவின் பெரிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை. “வேலை போனது போகட்டும்,” என்றாள். “இருபது வருஷம் உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். என்னை விட்டுட்டு, நேத்து வந்தவ சொன்னதை நம்பினீங்க பாருங்க.” இடுப்பில் கட்டியிருந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டாள். “அந்தப் பொண்ணோட மேசையை விட்டு நானும்தான் எழுந்து போயிருக்கேன். இப்ப என்கிட்ட மட்டும் காதுல ஓதிட்டுப் போனா எப்படி? அவளை ஊரே பேசுச்சு. ஊருக்குச் சொல்லுங்க.”

அப்போது பஸ் வந்து நின்றது. நாற்பது பெண்களுக்கு மேல் இறங்கினார்கள், இரண்டு பண்ணைக்காரிகளும். காப்பிக்குக் கூட்டம் கூடியது. கூட்டத்தில் மாரிசோலும் இருந்தாள். “அம்மா, இன்னைக்குச் சேத்துல நடக்கலையா?” என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் கோப்பையை வாங்கினாள்.

எடெல்மிராவுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. இருந்தாலும் சொன்னாள். கையெழுத்தைச் சொன்னாள், நாற்காலியைச் சொன்னாள், ஒன்று குறைந்தபோது எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள், லூஸ் தாரியின் எதிரே டப்பாவை மூடியதைச் சொன்னாள். ஒரு இடத்தில் குரல் கம்மி நின்றுவிட்டது. யாரும் உதவவில்லை. தானே எடுத்து முடித்தாள்.

“மூணு வருஷம் கழிச்சா ஞாபகம் வந்துச்சு?” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. இன்னொருத்தி காறித் துப்பினாள். கட்டுக் கட்டும் பிரிவில் இருக்கும் வயதான ஒருத்தி, காப்பி வாங்க நின்றவள், வாங்காமலே திரும்பி வேகமாக வாசலுக்குப் போனாள். அவள் ஏன் அப்படிப் போனாள் என்று எடெல்மிராவுக்கு மட்டும் புரிந்தது.

மாரிசோல் கோப்பையோடு அப்படியே நின்றாள். முகத்தில் சிரிப்பு வடிந்துபோயிருந்தது.

“அப்ப எனக்கு அறுபது பாத்தி ஆனது உன்னாலயா?”

“ஆமா.”

“நேத்து நான் அவளைச் சபிச்சப்போ...” மாரிசோலுக்குச் சொல் கிடைக்கவில்லை. தேடித்தான் சொன்னாள். “நீ எனக்குச் சூப் ஊத்திக்கிட்டு இருந்தியே அம்மா.”

எடெல்மிரா அதற்கும் ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இரண்டு பண்ணையிலும் சங்கு ஊதினார்கள். பெண்கள் கோப்பைகளை வைத்துவிட்டு இரண்டு பக்கமாகப் பிரிந்து போனார்கள். மாரிசோலும் கோப்பையை ஞானத்தாயின் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவைப் பார்க்காமல், சாலையைக் கடந்து தன் பாத்திகளைப் பார்க்கப் போனாள்.